கசகசா போடாத மசாலா

"...அதெல்லாம் சரிக்கா, வறுத்தீக, அரைச்சீக, சலிச்சீக. கசகசா போட்டீகளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

மூன்று வருஷத்துக்கு முந்தி, மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. கம்பத்திலிருந்து மதுரைக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் இப்படிக் கேட்டாள். சின்னமனூரில் ஏறினவள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். குச்சனூரில் சாமி கும்பிட்டுவிட்டு வருகிறாள் என்பது நெற்றி விபூதியிலும், விரல் நுனியில் ஒட்டியிருந்த நல்லெண்ணெய்ப் பிசுக்கிலும் தெரிந்தது. அதுவரைக்கும் நான்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். எனக்கு அது பிறவிக் குணம். பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்துவிட்டால் என் கதையைச் சொல்லுவேன், அவர்கள் கதையைக் கேட்பேன். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் அதை முடிந்து வைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு என் கதை பெரிய கதை. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். முதல் பிரசவம். இன்னும் பத்து நாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருமகனுக்குத் தாய் இல்லை. பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். மூன்று மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. முதலில் ஒரு மாத விசாவில் போவது, அதை அங்கே இருந்தே நீட்டிக்கப் பார்ப்பது என்று மருமகன் சொல்லியிருந்தார். திராட்சை அறுப்பு நேரம் என்பதால் என் வீட்டுக்காரர் தோட்டத்தை விட்டு நகர முடியாது. பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "பேசிக்கிட்டே இருந்து மதுரையத் தாண்டிப் போயிறாத" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு விமானம். நான் விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்திருக்கிறேனே தவிர ஏறினதில்லை.

ஆனால் பெட்டியைக் கட்டுவதில் மட்டும் எனக்கு ஒரு குறையும் வைக்கத் தெரியாது. பிள்ளை பெற்றவளுக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் இருந்தது. நாலு கிலோ கறி மசாலா. நாட்டு மருந்துக் கடையில் சொல்லி வைத்துக் கிண்டின பிரசவ லேகியம். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று உப்புக்கண்டம். உமிக்குள் பதுக்கி இருபது நாட்டுக்கோழி முட்டை. எனக்கு வெற்றிலையோடு போட்டுக்கொள்ளப் புகையிலை. பக்கத்துத் தெரு அம்மா சிங்கப்பூரில் இருக்கிற தன் மகனுக்குக் கொடுத்தனுப்பிய, நூல் போட்டுத் தைத்த துணிப் பொட்டலம் ஒன்று. இதையெல்லாம் நான் பெருமையாக வரிசைப்படுத்திச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் கசகசாவில் வந்து நின்றாள்.

"கசகசா போடாம எவளாவது கறி மசாலா அரைப்பாளா? கால் கிலோ போட்டேன். கொழம்பு அப்படியே கெட்டியா நிக்கும்" என்றேன்.

அவள் முகம் மாறிப்போனது. "அங்கன கசகசா ஆகாதுக்கா. போதை மருந்துக் கணக்குல வரும்."

முன் சீட்டுக்காரர் திரும்பிவிட்டார். "ஏம்மா, கசகசா போதைன்னா, எங்க ஊருக் கல்யாணப் பந்தியில சாப்பிட்ட பூராப் பேரும் ஜெயில்லதான் கை கழுவணும்!" பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "சட்டம் அவுகளுதுண்ணே. நம்ம நாக்கக் கேட்டுக்கிட்டு அவுக எழுதல" என்றாள்.

நல்ல வார்த்தைதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது இனிக்கவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போகிறவளைப் பார்த்து வயிற்றெரிச்சலில் பயமுறுத்துகிறாள் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. குரலை இறக்கி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"தெரியாமத்தான் கொண்டு வந்தேன்னு சொல்லுவீக. சரிதான். அத விசாரிக்க ஒரு நாளாகுமோ ரெண்டு நாளாகுமோ. அங்கன உங்க மக வலி வந்து கெடக்கும். இங்கன நீங்க ஒரு ரூம்புல உக்காந்து மசாலாவுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருப்பீக."

ஜன்னலிலிருந்து திரும்பினேன். மகளுக்குப் போன் போட்டேன். நான் முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள் அவள், "ஐயோ அம்மா, கசகசாவா? நீ மொளகாப் பொடின்னுதானம்மா சொன்ன! கொண்டு வந்துறாதம்மா!" என்று அலறினாள். முன் சீட்டுக்காரர் அதற்குப் பிறகு திரும்பவே இல்லை.

பஸ் ஜன்னல் வழியாக மசாலாவைக் கொட்டிவிடலாமா என்று எழுந்தேவிட்டேன். அவள் என் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நானும் தேனியில எறங்கித்தான் கடமலைக்குண்டு பஸ் மாறணும். வாங்க, எறங்குவோம். மதுரைக்கு எத்தன பஸ்ஸு இருக்கு! உங்க ப்ளேனு ஒண்ணுதான்."

தேனியில் இறங்கியபோது மணி ஒன்பதரை. பெரிய பெட்டியை அவள் இழுத்துக்கொண்டாள், பையை நான் தூக்கிக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்த மசாலா அரவை மில் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். போகிற வழியிலேயே மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, மஞ்சள் எல்லாம் புதிதாக வாங்கினோம். மில்லிலேயே வறுத்தும் கொடுத்தார்கள். அரைக்கப் போகிற நேரத்தில் அவள் மில்லுக்காரரைத் தடுத்தாள்.

"அண்ணே, இதுக்கு முந்தி மிசின்ல என்ன அரைச்சீக?"

"கறி மசாலாதான். ஏன்?"

"கசகசா போட்டதா?"

மில்லுக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் நான் மோந்தா பாத்தேன்? கொட்டுனாக, அரைச்சேன்."

அவள் எதிர்க் கடைக்குப் போய் ரெண்டு கிலோ அரிசி வாங்கி வந்தாள். முதலில் அதைப் போட்டு ஓட்டச் சொன்னாள். வந்த மாவு செம்பழுப்பாக இருந்தது. இன்னொரு கிலோ போட்டாள். லேசான இளஞ்சிவப்பு. இன்னும் ஒரு கிலோ. "எம்மா, நீ மசாலா அரைக்க வந்தியா, மிசினக் குளிப்பாட்ட வந்தியா?" என்று அவர் சலித்துக்கொண்டார். மாவு வெள்ளை வெளேரென்று விழுகிறவரைக்கும் அவள் விடவில்லை. முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறேன். முன்னால் அரைத்தவர்களின் மசாலா என் மசாலாவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றினதில்லை.

அரைத்து ஆறுகிற நேரத்தில், மில் தரையில் சாக்கை விரித்து என் பெட்டியைப் பிரித்தாள். பழைய மசாலாவுக்குப் பின்னால் உப்புக்கண்டம் வெளியே வந்தது. "கறி எந்த ரூபத்துலயும் வேண்டாம்." முட்டை வெளியே வந்தது. "முட்ட அங்கன கெடைக்கும். ஒடஞ்சு நாறாமப் போறதே புண்ணியம்." புகையிலையை எடுத்தபோது மட்டும் நான் கையைப் பிடித்தேன். "இதுவும் அங்கன கூடாதுக்கா. மூணு மாசம் வாய்க்கு லீவு விடுங்க" என்றாள். லேகிய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"இதுல என்னென்ன சேத்திருக்காக?"

"அது கடைக்காரருக்குத்தான் தெரியும். இருபது சாமான் இருக்குமாம்."

"உங்களுக்கே தெரியாதத உங்க பெட்டியில எதுக்கு வைக்கிறீக?" அதுவும் வெளியே வந்தது. அதற்குப் பதிலாகச் சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு எல்லாவற்றையும் முழுசு முழுசாக வாங்கி வைக்கச் சொன்னாள். முழுசாக இருந்தால் கண்ணுக்கே தெரியும், கேட்கிறவர்களுக்கும் வேலை மிச்சம் என்றாள்.

கடைசியாகப் பக்கத்துத் தெரு அம்மாவின் பொட்டலம். அதைத் தொடக்கூட இல்லை. "யாரு குடுத்தது?" என்றாள். சொன்னேன். "அவுக தங்கமான ஆளா இருக்கலாம். ஆனா, அடுத்தவுக தச்ச தையலுக்கு நீங்க பொறுப்பு. ஒண்ணு பிரிச்சுப் பாத்து வைங்க, இல்ல விட்டுட்டுப் போங்க. கூடப் பெறந்தவுக குடுத்தாலும் இதான்." விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் மில்லில் ஒரு மூலையில் வைத்து, என் வீட்டுக்காரர் மறுநாள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வார் என்று சொன்னோம். "உப்புக்கண்டத்துக்கு மட்டும் நான் கேரண்டி இல்ல" என்றார் மில்லுக்காரர்.

மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். சனிக்கிழமை விரதமாம். பொழுது சாய்ந்துதான் சாப்பிடுவாளாம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத்தான் எனக்காக இத்தனை நேரம் அந்த மிளகாய் நெடிக்குள் நின்றிருக்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அவளோ சாக்கில் உட்கார்ந்து என்னிடம் ஒரு தாளும் பேனாவும் கேட்டாள். மகள் வீட்டு விலாசத்தையும், பிரசவம் பார்க்கிற ஆஸ்பத்திரி விலாசத்தையும் போன் போட்டுக் கேட்டுப் பெரிய எழுத்தில் எழுத வைத்தாள். அந்த ஊரில் விலாசத்தின் கடைசியில் ஆறு இலக்கத்தில் ஒரு எண் இருக்குமாம். "மத்ததெல்லாம் மறந்தாலும் அந்த ஆறு எண்ணக் காட்டுங்க. வண்டி நேரா வாசல்ல கொண்டு போய் நிப்பாட்டும்." அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். தானாக ஓடுகிற படியில் இடது பக்கமாக ஒதுங்கி நிற்க வேண்டும், வலது பக்கம் அவசரக்காரர்களுக்கு. சாப்பாட்டுக் கடையில் மேசை மேல் ஒரு சின்ன டிஷ்யூ காகிதப் பாக்கெட் கிடந்தால், அந்த இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், எடுத்துக் கை துடைத்துவிடக் கூடாது. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்கலாம். மாத்திரை கொண்டு போனால் டாக்டர் சீட்டோடு கொண்டு போக வேண்டும். ரயிலுக்குள் எதையும் வாயில் போடக் கூடாது.

"வெளிய நம்மூரு வெக்கைதான்க்கா. ஒரு கட்டடத்துக்குள்ள நொழைஞ்சா தேக்கடிக் குளிரு. எப்பவும் ஒரு துண்டு தோள்ல கெடக்கட்டும்."

இறங்கியதும் விமான நிலையத்தில் இலவச வைஃபையை எப்படிப் போடுவது என்று என் போனிலேயே காட்டினாள். தன் நம்பரையும் ஏற்றிக் கொடுத்து, எதுவும் புரியவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொன்னாள்.

என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றாள். அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "ஆத்தா, நீ அங்கன எத்தன வருசம் இருந்த?"

அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "நான் எங்கக்கா போனேன்? ஒரு தடவ மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கேன். அதான் என் வெளியூரு."

அவளே சொன்னாள். வீட்டுக்காரர் அங்கே ஏழு வருஷமாகக் கட்டட வேலை பார்க்கிறார். அந்த வேலைக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக அனுமதி இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். தினமும் வேலை முடிந்ததும் அரை மணி நேரம் போனில் பேசுவார். அன்றைக்கு எந்தத் தெருவில் நடந்தார், எந்தப் படியில் ஏறினார், என்ன பலகையைப் பார்த்தார் என்று ஒன்று விடாமல் சொல்லுவாராம். "அவுக நடக்க நடக்க நானும் கூடவே நடப்பேன்க்கா" என்றாள்.

"அவருக்கு ஏதாச்சும் குடுத்து விடு ஆத்தா, நான் கொண்டு போய்ச் சேத்துர்றேன்" என்றேன். அவள் கை, தோளில் கிடந்த பைக்குப் போனது. குச்சனூர் விபூதிப் பொட்டலத்தை எடுத்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். "யார் பொட்டலத்தையும் வாங்காதீகன்னு சொன்ன வாயி இது" என்று சிரித்துவிட்டு, அதிலிருந்து ஒரு விரல் எடுத்து, ஜன்னல் வழியாக எட்டி என் நெற்றியில் பூசினாள். பொட்டலத்தை மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

விமானம் தாமதமாகி, நான் போய் இறங்கியபோது அங்கே நன்றாக விடிந்திருந்தது. பெட்டியை ஒரு அதிகாரி நிறுத்தினார். தமிழ் பேசுகிறவர். மசாலாப் பையைத் தூக்கிப் பார்த்து, "இதில் கசகசா இருக்கிறதா அம்மா?" என்றார். பஸ்ஸில் கேட்ட அதே கேள்வி. "இல்லங்கய்யா. மிசினக்கூட நாலு கிலோ அரிசி போட்டுக் கழுவிட்டுத்தான் அரைச்சோம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மூடி, என்னைப் போகச் சொன்னார். சோதித்துப் பார்த்திருந்தாலும் பயமில்லை. அந்த மாவு வெள்ளையாக விழுந்ததை நான் கண்ணால் பார்த்தவள்.

வெளியே வந்தேன். மருமகனைக் காணோம். வைஃபையைப் போட்டதும் அவருடைய செய்தி வந்து விழுந்தது. "அத்தை, விடியக்காலையில வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரியில இருக்கோம். அவளை விட்டுட்டு வர முடியல. டாக்ஸி பிடிச்சு வந்துருங்க."

பத்து நாள் இருக்கிறது என்றார்களே! ஊர் புதுசு, பாஷை புதுசு, அந்தப் பெரிய கூடத்தில் எந்தப் பக்கம் வாசல் என்றுகூடத் தெரியவில்லை. நான் கூப்பிட்டது அந்தக் கடமலைக்குண்டுக்காரியைத்தான். அங்கே மணி ஒன்பது என்றால் நம் ஊரில் ஆறரை. குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் போனில் கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். அவள் பதறவில்லை. தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போலிருக்கிறது, எடுக்கவில்லை. "பரவால்லக்கா, நான் சொல்றேன். எதுத்தாப்புல என்ன தெரியுது?" என்றாள்.

அன்றைக்கு நான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். ஆறு எண்ணைக் காட்டினேன், வண்டி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பிரசவ அறைக்குள் போனாள். பதினொன்றரை மணிக்குப் பேத்தி பிறந்தாள். ஒரு பாவமும் அறியாத கசகசாவால் அந்தக் கை வெறுங்கையாகப் போயிருக்கும். அந்த நாளில் எத்தனையோ நடந்தது. ஆனாலும் கண்ணை மூடினால் எனக்கு முதலில் வருவது, அந்தக் கூடத்தில் நான் நடந்த அந்தக் கொஞ்ச தூரம்தான்.

"எடது கைப் பக்கம் ஒரு காப்பிக் கடை இருக்கா?" என்றாள். இருந்தது. "அதத் தாண்டி நேரா நடங்க. இப்பச் சாம்பக் கலருத் தரையில நிக்கிறீகளா?" குனிந்து பார்த்தேன். ஆமாம். "கொஞ்ச தூரத்துல அது முடிஞ்சு வெள்ளைத் தரை வரும். அந்த வெள்ளைத் தரை எங்க முடியிதோ அங்கன ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளிய டாக்ஸி வரிசை." பத்து அடி நடந்தேன். கோடு போட்ட மாதிரி சாம்பல் முடிந்து வெள்ளை ஆரம்பித்தது. நான் நின்றுவிட்டேன். கடமலைக்குண்டில் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற ஒருத்திக்கு இங்கே தரை எங்கே நிறம் மாறுகிறது என்று தெரிந்திருக்கிறது.

"அந்த வெள்ளைக் கல்லு பூராம் அவுக பதிச்சதுக்கா" என்றாள்.

இத்தனையும் சொல்கிறவள் இதைப் பார்க்க வேண்டாமா என்று தோன்றியது. "ஆத்தா, இரு இரு, உனக்குக் காட்டுறேன்" என்று வீடியோவை அழுத்திப் போனைத் தரைக்குத் திருப்பினேன். திரையில் அவள் முகம் ஒரு விநாடி தெரிந்தது. சட்டென்று கையால் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த விநாடி இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

நான் திரும்பக் கூப்பிடுவதற்குள் போன் அடித்தது. படம் இல்லை, குரல் மட்டும்.

"கோவிச்சுக்கிறாதீகக்கா. இத்தன வருசத்துல அவுகளயே இந்தத் தரைய ஒரு போட்டோ அனுப்பவிட்டதில்ல. அது மேல நான் ஒரு நா நடந்து வந்து பாத்துக்கிறேன்."

மேலும் ஒரு குடத்தை நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"உங்க மக காத்துக்கிட்டு இருக்கும். நடங்க. கல்ல எண்ணாதீக, கதவப் பாருங்க" என்று சொல்லி, நான் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்துகிறவரைக்கும் என் கூடவே நடந்து வந்தாள்.